மச்சம் எந்தப் பக்கம்?

பெரியப்பா தன்னுடைய பென்டாக்ஸ் கே1000 கேமராவை 2017-இல் என் கையில் கொடுத்தபோது, அதற்குள் ஃபிலிம் இருப்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. "சும்மாதான் கிடக்கு, நீ வச்சுக்கோ" என்றார். வாங்கிய ஆசையில் உடனே பின்கதவைத் திறக்கப் போனேன். ரீவைண்ட் குமிழைப் பிடித்து மேலே இழுக்கவிருந்த நேரத்தில், மேல் தட்டில் இருந்த எண் கண்ணில் பட்டது. 14. இந்தக் கேமராவில் பின்கதவு திறந்தால் அந்த எண் தானாகத் தொடக்கத்துக்குப் போய்விடும். 14-இல் நிற்கிறது என்றால் கதவை மூடிய பிறகு யாரோ ஃபிலிமை நகர்த்தும் லீவரைப் பலமுறை இழுத்திருக்கிறார்கள். ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். கால் சுற்றிலேயே இறுகி நின்றது. உள்ளே ஃபிலிம் இருந்தது. கதவைத் திறந்திருந்தால் வெளிச்சம் பட்டுப் பாழாகியிருக்கும்.

பழைய கேமரா எது கைக்கு வந்தாலும் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். எண் எங்கே நிற்கிறது, கைப்பிடி இறுகுகிறதா. திறந்து பார்க்கும் ஆசையை அரை நிமிடம் தள்ளிப் போட்டால் போதும்.

1998 வாக்கில் கடைசியாகப் படம் எடுத்ததாகப் பெரியப்பாவுக்கு ஞாபகம். அப்படியானால் ஃபிலிம் 19 வருடம் கேமராவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மிக மெதுவாகப் பின்னுக்குச் சுற்றினேன். பழைய ஃபிலிம் காய்ந்து விறைப்பாக இருக்கும், வேகமாக இழுத்தால் கிழியலாம். இறுக்கம் விட்டுப்போன பிறகுதான் கதவைத் திறந்தேன். 400 வேகக் கறுப்பு வெள்ளை. அதைக் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, புதிதாக நான்கு ரோல் வாங்கிப் படம் எடுத்து, அவற்றில் கழுவிப் பழகினேன். முதல் ரோலில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றும்போது இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டு ஐந்து படங்கள் பாழாயின. அந்தப் பாழ் பெரியப்பாவின் ரோலில் நடக்காமல் போனதே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

உங்களுக்குக் கிடைப்பது கலர் ஃபிலிமாக இருந்து மிகவும் பழையதாகவும் இருந்தால், கலர் கழுவலுக்குக் கொடுக்காமல் கறுப்பு வெள்ளையாகவே கழுவிவிடலாம். நிறம் போகும், உருவம் தேறும். கோடாக் நிறுவனத்தின் கோடாக்ரோம் கலர் ஸ்லைடு ஃபிலிமாக இருந்தால் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. 2009-இல் அதன் உற்பத்தி நின்றது. அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி இடம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ. அவர்களும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை.

பெரியப்பாவின் ரோலைக் கழுவ ஹெச்சி-110 என்ற டெவலப்பர் ரசாயனத்தை எடுத்துக்கொண்டேன். பழைய ஃபிலிமில் பரவும் மூட்டத்தை அது ஓரளவு கட்டுக்குள் வைக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். கழுவி முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஃபிலிம் முழுக்கச் சாம்பல் நிறம். பதினான்கு படங்களில் ஆறு தெளிவாக இருந்தன. மற்ற எட்டில் மூட்டம்தான் தெரிந்தது.

பதினோராவது படத்தில் பெரியம்மா.

ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். கேமராவைப் பார்த்துப் பாதி திரும்பியிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார். அநேகமாக "வேண்டாம்" என்றுதான் இருக்கும், அவருக்குப் படம் எடுப்பது பிடிக்காது. கன்னத்தில் விழும் வெளிச்சமும், கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சமும் அப்படியே பதிந்திருந்தன. பெரியம்மா தவறி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அன்று இரவு நான் செய்தது தவறு. நெகட்டிவ் காய்ந்ததும் வெளிச்சப் பலகையில் வைத்து டிஜிட்டல் கேமராவால் படம் பிடித்து, கணினியில் பாசிட்டிவாக மாற்றி, "19 வருடம் கேமராவுக்குள் இருந்த படம்" என்று ஒரு வரி எழுதி எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டேன். காலைக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். எந்த ஃபிலிம், எந்த லென்ஸ், எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னேன்.

யாரோ அந்தப் படத்தைப் பெரியப்பாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மதியம் கூப்பிட்டார். கோபமே இல்லை. "எனக்கு முதல்ல காட்டியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. படத்தை அப்போதே இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். மறுநாள் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

பிரிண்டைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நல்லா வந்திருக்கு. ஆனா உங்க பெரியம்மாவுக்கு மச்சம் இந்தப் பக்கம் இல்லடா. அந்தப் பக்கம்."

படம் கண்ணாடி பிம்பம்போல இடம் வலம் மாறியிருந்தது. இத்தனை பேர் பார்த்துவிட்டுக் கடந்துபோன பிழை அது. பெரியம்மாவின் முகத்தை எத்தனையோ தடவை பார்த்த எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேமராவால் நெகட்டிவை ஸ்கேன் செய்யும் யாருக்கும் நடக்கும். ஃபிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பளபளப்பு. இன்னொரு பக்கம் மங்கல், அதுதான் ரசாயனப் பூச்சு இருக்கும் பக்கம். பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் படம் நேராகத் தெரியும், ஓரத்து எண்களும் எழுத்துகளும் நேராகப் படிக்க வரும். மங்கலான பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் திரும்பியிருக்கும். ஃபிலிமுக்கு மேலே வைத்த கண்ணாடித் தட்டில் எண்ணெய்ப் பசை போன்ற வளையங்கள் விழாமல் இருக்க, மங்கலான பக்கத்தை லென்ஸை நோக்கி வைத்திருந்தேன். அப்படி வைப்பதில் தவறில்லை. பிறகு கணினியில் இடவலமாகத் திருப்ப வேண்டும், அதை விட்டுவிட்டேன். படத்துக்குள் ஒரு பலகையோ பேருந்தின் பெயரோ இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஜன்னலும் ஒரு முகமும் மட்டும் இருந்தால் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு துண்டு நெகட்டிவையும் முதலில் ஓரத்து எண்ணும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். எண் நேராக இருந்தால் முகமும் நேராக இருக்கிறது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வரிசை இது. படத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பார். அவர் இல்லையென்றால் அவருக்கு மிக நெருங்கியவர். அவர் சரி என்றால்தான் மற்றவர்களுக்கு. ஃபிலிமில் இதற்கு அவகாசம் தானாகவே கிடைக்கிறது. எடுத்த நிமிடத்தில் அனுப்ப முடியாது, கழுவ வேண்டும், காய வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த நாள்களில் ஒரு போன் செய்து கேட்டுவிடலாம்.

விவியன் மேயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம் வரும். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர், பல்லாயிரம் படங்கள் எடுத்தவர், பெரும்பாலும் யாருக்கும் காட்டாதவர். அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்தில் போயின. 2009-இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகம் அவர் படங்களைப் பரவலாகப் பார்த்தது. அற்புதமான படங்கள், பார்க்கக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது உறுத்துகிறது. நம் வீட்டு ரோல்களில் கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடலாம்.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மி.மீ. இதை 2400 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் நீளப் பக்கம் சுமார் 3400 பிக்சல் வரும். 8-க்கு 12 அங்குலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதைவிடத் தூசி இல்லாமல், ஃபிலிம் வளையாமல் எடுப்பதில்தான் நான் நேரம் செலவிடுகிறேன். கேமராவால் எடுப்பதாக இருந்தால் நெகட்டிவும் லென்ஸும் நேருக்கு நேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கேமரா வழியாகப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிகிறவரை கேமராவைச் சரித்துக்கொண்டால் போதும். நெகட்டிவைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மூடிவிடுங்கள். இந்த இரண்டு வேலையும் செய்த பிறகு, என் பழைய ஸ்கேன்களைப் பார்க்கவே பிடிக்காமல் பாதியை மறுபடி எடுத்தேன்.

சில ஸ்கேனர்களில் தூசியைத் தானாக நீக்கும் வசதி இருக்கும். அது அகச்சிவப்புக் கதிரை வைத்து வேலை செய்கிறது. கலர் நெகட்டிவின் சாயம் அந்தக் கதிரை உள்ளே விடும், தூசி மறிக்கும், அதை வைத்துத் தூசி எங்கே என்று கண்டுபிடிக்கும். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமே வெள்ளித் துகள்தான். அந்த வெள்ளியும் கதிரை மறிக்கும். ஆகவே கருவிக்கு உருவமும் தூசியாகத் தெரிந்து படத்தைக் குதறிவிடும். பெரியம்மாவின் படத்தைப் பிறகு ஒரு ஸ்கேனரில் போட்டபோது முடி முழுக்கக் களிம்பு தடவியதுபோல் வந்தது இதனால்தான். கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு, ஊதுபந்தால் ஊதி, மீதியைக் கணினியில் ஒவ்வொன்றாகக் கையால் நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆகும். எனக்கு அந்த இருபது நிமிடம் பிடிக்கும். படத்தின் ஒவ்வொரு மூலைக்கும் போய்வருவோம்.

அனுப்பும் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவது கிரெய்னில். ஃபிலிமின் மணல்மணலான அந்தத் துகள் பதிவு, ஜேபெக் சுருக்கத்துக்குப் பெரிய எதிரி. கோப்பைச் சிறிதாக்கும் மென்பொருள் அந்த நுணுக்கத்தைத்தான் முதலில் தூக்கி எறியும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கிரெய்ன் கட்டம் கட்டமாகக் குழைந்துபோகும். வீட்டுக்காரர்களுக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். இன்ஸ்டாகிராமுக்கு என்றால் அகலத்தை 1080 பிக்சலுக்கு நீங்களே குறைத்துவிட்டு, குறைத்த பிறகு மிக லேசாகக் கூர்மை கூட்டுங்கள். பெரிய கோப்பிலேயே கூர்மை கூட்டிவிட்டு அப்புறம் குறைத்தால் கிரெய்ன் முள்முள்ளாகிவிடும். நிற வெளியை எஸ்ஆர்ஜிபி என்று வைத்துவிட்டால் அடுத்தவர் போனில் நிறம் வெளிறாது. மூலக் கோப்பைத் தரம் குறையாத 16 பிட் டிஃப் வகைக் கோப்பாகத் தனியே வைத்துவிடுங்கள், அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் தேதி. ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகும். 1998-இல் எடுத்த படம் போனில் போன வாரத்துப் படங்களுக்கு நடுவே போய் உட்காரும். டிஜிட்டல் கேமராவால் ஸ்கேன் செய்திருந்தால் அந்த டிஜிட்டல் கேமராவின் பெயரும் லென்ஸும்தான் உள்ளே எழுதப்பட்டிருக்கும். பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்குப் பொய்ச் செய்தி. எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எடுத்த தேதி, கேமரா, யார் யார் என்ற குறிப்பு எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடலாம். இதில் இன்னொன்று முக்கியம். போனால் நெகட்டிவைப் படம் பிடித்தால், இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருக்கும் பட்சத்தில் உங்கள் வீடு இருக்கும் இடம் கோப்பில் ஏறிவிடும். படம் எடுத்த இடமும் அது கிடையாது, ஊரறிய வேண்டிய தகவலும் கிடையாது. அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

பிரிண்ட் போடும்போது அளவைப் பாருங்கள். 35 மி.மீ. படம் 4-க்கு 6, 8-க்கு 12 அளவுகளில் முழுதாக உட்காரும். 5-க்கு 7, 8-க்கு 10 கேட்டால் ஓரம் வெட்டுப்படும். குடும்பப் படங்களில் ஓரத்தில் நிற்பவர்தான் வெட்டுப்படுவார்.

நல்ல படங்களைவிடக் கெட்டுப்போன படங்களைப் பகிர்ந்ததில்தான் நான் அதிகம் கற்றேன். பெரியப்பாவின் கேமராவில் நானே எடுத்த முதல் ரோலில், எல்லாப் படத்திலும் வலது ஓரம் வெள்ளைக் கீற்று. ஸ்கேன் செய்த படத்தைப் போட்டு என்ன காரணம் என்று கேட்டேன். ஷட்டர் என்றார் ஒருவர், லென்ஸ் என்றார் ஒருவர், கழுவும்போது வெளிச்சம் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் அனுபவசாலி ஒருவர், "ஸ்கேன் வேண்டாம், நெகட்டிவை வெள்ளைத் திரைமேல் வைத்து ஓரத்துத் துளைகளும் தெரியும்படி போனில் எடுத்துப் போடுங்கள்" என்றார். போட்டதும் அடுத்த நிமிடமே பதில் வந்தது. கீற்று படத்தின் எல்லையைத் தாண்டித் துளைகள்வரை ஓடியிருந்தது. அப்படியானால் வெளிச்சம் பின்கதவு வழியாக வந்திருக்கிறது. லென்ஸ், ஷட்டர் வழியாக வந்திருந்தால் படச் சட்டத்துக்குள்ளேயே நின்றிருக்கும். கதவு இடுக்கைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. வெளிச்சம் புகாமல் இருக்க வைத்த நுரைப் பட்டை, வருடக்கணக்கில் இளகித் தார்போல ஆகியிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டினேன். கீற்று நின்றுவிட்டது.

பதினான்கில் எட்டை மூட்டம் தின்றதற்கும் இந்த இடுக்குக்கும் பங்கு இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

நெகட்டிவின் ஓரம் இன்னொன்றும் சொல்லும். அங்கே இருக்கும் எண்களும் எழுத்துகளும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை, நாம் எடுத்ததோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. படம் வெளிறி எண்கள் அடர்த்தியாக இருந்தால் கழுவியது சரி, எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. எண்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவியதில்தான் கோளாறு. ஸ்கேனர் மென்பொருள் எல்லாவற்றையும் சமன்படுத்திக் காட்டிவிடுவதால் ஸ்கேனில் இது தெரியாது. உதவி கேட்டுப் படம் போடுகிறவர்கள் நெகட்டிவையும் சேர்த்துப் போடுங்கள், பதில் சொல்கிறவருக்கு ஊகிக்க வேண்டிய வேலை இருக்காது.

பெரியப்பாவிடம் நான் திரும்பிப் போனது இரண்டு வாரம் கழித்து. படத்தைத் திருப்பிச் சரிசெய்து புதிதாகப் பிரிண்ட் போட்டிருந்தேன். கூடவே பதினான்கு படங்களையும் ஒரே தாளில் சிறிது சிறிதாக அச்சிட்டு எடுத்துப் போனேன். மூட்டம் பிடித்த எட்டையும் விடவில்லை. கொண்டுபோகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சேர்த்தேன், எனக்கு அவற்றில் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது படத்தில், மூட்டத்துக்குள் கோணலாக ஓடிய ஒரு கோட்டைத் தொட்டு, "இது நம்ம மாடிப்படி கைப்பிடி" என்றார். ஐந்தாவதில் ஒரு வெளிர்த் திட்டைப் பார்த்துவிட்டு, "அவ துணி காயப்போடறா, அதுக்கு முன்னாடி எடுத்தது" என்று சொல்லி வரிசையையே சொல்ல ஆரம்பித்தார். காலையில் மாடியில் தொடங்கியிருக்கிறார், மதியம் ஜன்னலோரம் முடித்திருக்கிறார், பதினான்கும் ஒரே நாள். ஒவ்வொரு படத்தின் கீழும் அவரே எழுதினார். எட்டில் ஏழுக்கு எழுதிவிட்டார்.

ஒன்பதாவது படத்துக்குக் கீழே மட்டும் கேள்விக்குறி. இரண்டு உருவம்போலத் தெரிகிறது, ஒன்று உயரம், ஒன்று குட்டை. "உங்க அக்காவைக் கேளு, அவளுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்" என்றார். அன்று இரவே அந்த ஒரு படத்தை, சுருக்காமல், டாக்குமெண்டாக அக்காவுக்கு அனுப்பினேன்.